இங்கிலாந்து வயல்வெளிகளில் பில்பாக்ஸ் தேடிப் போகிறவர்களுக்கு

லண்டனிலிருந்து மேற்கே போகும் ரயிலில் ரெடிங்கைத் தாண்டினால் தீல் என்று ஒரு சின்ன நிலையம் வரும். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் கென்னட் - ஏவன் கால்வாய் ஓடுகிறது. அதன் கரைப்பாதையில், கார்ஸ்டன் லாக் என்ற படகு மதகுக்குப் பக்கத்தில்தான் நான் முதன்முதலாக ஒரு பில்பாக்ஸை நின்று பார்த்தேன். அதற்கு முன்னும் இரண்டு முறை அதே வழியில் போயிருக்கிறேன். நம் ஊர் வயலில் நிற்கும் பம்ப்செட் அறை மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துக் கடந்துவிட்டேன். மூன்றாவது முறை பக்கத்தில் போய், சுவரில் இருந்த துளையின் மட்டத்துக்குக் குனிந்து, அது பார்க்கிற பக்கம் நானும் பார்த்தேன். தண்ணீர், கரை, அதற்கு அப்பால் திறந்த வெளி. இதைக் கட்டியவர் இதே இடத்தில் குனிந்து இதே காட்சியைப் பார்த்துத்தான் இடம் குறித்திருப்பார் என்று தோன்றியதும் அந்தக் கால்வாய் எனக்கு வேறொன்றாகிவிட்டது.

இரண்டாம் உலகப்போரின்போது எதிரி வந்து இறங்கினால் தடுப்பதற்காகக் கட்டிய சிறு கான்கிரீட் காப்பரண்தான் பில்பாக்ஸ். முதல் உலகப்போர்க் காலத்திலேயே வந்த பெயர் இது. மாத்திரை வைக்கும் குட்டி டப்பா மாதிரி இருந்ததால் சிப்பாய்கள் அப்படி அழைத்தார்கள். இவற்றைத் தேடிப் போக விரும்பும் புதியவர்களுக்காக, நான் போகிற முறையை அப்படியே எழுதுகிறேன். கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அது எதைக் காவல் காத்தது என்று புரிந்துகொள்வது மீதிப் பாதி. அந்தப் பாதிக்குத்தான் இங்கே அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்

1940 மே 26 முதல் ஜூன் 4 வரை டன்கர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் படை கப்பலேறித் திரும்பியது. ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். டாங்கிகளும் பீரங்கிகளும் லாரிகளும் பிரான்சிலேயே கிடந்தன. எதிரி அடுத்து எந்த நாளும் கடலைத் தாண்டலாம் என்ற நிலை. மே 27 அன்று உள்நாட்டுப் படைகளுக்குத் தலைமைத் தளபதியாக வந்த எட்மண்ட் அயன்சைடிடம் வேகமாக நகர்ந்து போரிடக்கூடிய படை மிகக் குறைவு. அதனால் அவர் நிலத்தையே ஆயுதமாக்கினார். கடற்கரையில் ஒரு மெல்லிய ஓடு போலக் காவல். அதை உடைத்துக்கொண்டு எதிரி உள்ளே வந்தால் வேகத்தைக் குறைக்க, ஆறு, கால்வாய், ரயில் மேடு என்று ஏற்கெனவே இருக்கும் தடைகளை ஒட்டித் தடுப்புக்கோடுகள். அவற்றில் மிக நீளமானது ஜி.எச்.க்யூ. லைன், அதாவது ராணுவத் தலைமையகத்தின் பெயரைக் கொண்ட கோடு. லண்டனையும் நாட்டின் நடுவில் இருந்த தொழில் நகரங்களையும் காப்பது அதன் வேலை. நான் சொன்ன கென்னட் - ஏவன் கால்வாய் அதன் ஒரு பகுதி. டாங்கிக்கு அகழி வெட்ட நேரமில்லாதபோது, முன்னோர்கள் படகு விட வெட்டிய கால்வாயே அகழியாகிவிட்டது.

காப்பரண்களுக்கான வரைபடங்களைப் போர் அமைச்சகத்தின் எஃப்.டபிள்யூ.3 என்ற பிரிவு தயாரித்துக் கொடுத்தது. உள்ளூர் ஒப்பந்தக்காரர்கள் ஆளைச் சேர்த்துக் கட்டினார்கள். பில்பாக்ஸ்களும் அதைப் போன்ற உறுதியான காப்பிடங்களுமாகப் பிரிட்டன் முழுக்கச் சுமார் 28,000 கட்டப்பட்டன. சுமார் 6,500 மிஞ்சியிருக்கின்றன.

ஜூலை 20 அளவில் அயன்சைடு போய் ஆலன் புரூக் வந்தார். நகரும் படையை நம்பியவர் அவர். நீண்ட கோடுகளில் ஆட்களைப் பரப்பி வைப்பதில் அவருக்கு நம்பிக்கையில்லை. செப்டம்பர் 17 அன்று ஹிட்லர் படையெடுப்பைத் தேதி குறிப்பிடாமல் தள்ளிவைத்தார். ஒரு கோடை காலத்து அவசரம் இது. ஒரு பில்பாக்ஸின் சுவர் கோணலாக இருந்தாலோ, ஒரு வரிசை பாதியிலேயே நின்றுபோனாலோ, காரணம் இந்தத் தேதிகளுக்குள் இருக்கும்.

முதல் பயணத்துக்கு எங்கே போவது

எளிதாகப் போய்வரக்கூடிய, அனுமதிச் சிக்கல் இல்லாத இடமாக முதலில் தேர்ந்தெடுங்கள். கென்னட் - ஏவன் கரைப்பாதை அப்படிப்பட்டது. பாதை பொதுவானது, தரை சமம், வழி தவறவும் வாய்ப்பில்லை. கார்ஸ்டன் லாக்கின் பக்கங்கள் கல்லால் கட்டப்படாமல் புல் சரிவாக இருக்கும். அப்படி இன்றும் இயங்கும் மதகுகள் இந்தக் கால்வாயில் இரண்டே இரண்டு. அதற்காகவே ஒரு முறை போகலாம்.

சர்ரேயில் ஃபார்ன்ஹம் அருகே, வே ஆற்றங்கரையில் வேவர்லி அபே என்ற மடாலயத்தின் இடிபாடு இருக்கிறது. 1128இல் தொடங்கிய இடம், சிஸ்டர்சியன் என்ற கிறிஸ்தவத் துறவியர் பிரிவுக்கு இங்கிலாந்தில் முதல் மடம். ஜி.எச்.க்யூ. லைன் இந்த வழியாகப் போனதால் சுற்றுப்புறத்தில் 1940ஆம் ஆண்டின் கான்கிரீட்டும் நிற்கிறது.

கடலோரம் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கு சசெக்ஸில் இருக்கும் கக்மியர் ஹேவன். வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே ஆறு கடலில் கலக்கும் இடம். படம் எடுக்க வரும் கூட்டம் பாறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. அந்தப் பள்ளத்தாக்கின் சரிவிலேயே பில்பாக்ஸ்கள் பதிந்திருக்கின்றன, கீழே டாங்கித் தடைகள் இருக்கின்றன. குன்றுகள் நிறைந்த அந்தக் கரையில் இப்படிச் சமமாகத் திறந்து கிடக்கும் வாசல்கள் குறைவு. அதனால்தான் அங்கே அவ்வளவு காவல்.

ஆனால் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் நான் பெவன்சி கோட்டையைச் சொல்வேன். மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ரோமானியர் எழுப்பிய மதில். 1066இல் நார்மண்டியின் வில்லியம் படையோடு வந்து இறங்கியது இந்தக் கரையில். பிறகு மதிலுக்குள் ஒரு கோட்டை வந்தது. 1588இல் ஸ்பெயினின் கப்பல்படை வருகிறது என்றபோது பீரங்கி வைக்க மேடு போட்டார்கள். 1940இல் மறுபடியும் சிப்பாய்கள் வந்து, இடிந்த மதிலுக்குள்ளேயே இயந்திரத் துப்பாக்கிக் காப்பரண்களைப் பழைய கல்லை வைத்தே மறைத்துக் கட்டினார்கள். பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால்கூட ரோமானியக் கல் எது, 1940ஆம் ஆண்டின் கல் எது என்று சட்டென்று பிரிக்க முடியாது. கண்ணை மெதுவாக நகர்த்தி, செவ்வகமான ஒரு இருட்டு எங்கே தெரிகிறது என்று தேட வேண்டும். போர் முடிந்ததும் இவற்றை இடித்துவிடாமல், இதுவும் கோட்டையின் கதைதான் என்று விட்டுவைத்தார்களே, அந்த முடிவுக்கு நான் நன்றி சொல்கிறேன். மறைவாகக் கட்டியதைக் கண்டுபிடிக்கக் கண்ணைப் பழக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

முதல் உலகப்போரின் காப்பரண்களும் வேண்டுமென்றால் நார்ஃபோக் போங்கள். அங்கே கான்கிரீட் கட்டைகளை அடுக்கிக் கட்டிய வட்டமான பில்பாக்ஸ்கள் இன்னும் சில நிற்கின்றன. ‘மாத்திரை டப்பா’ என்ற பெயர் ஏன் வந்தது என்பது அதைப் பார்த்ததும் புரிந்துவிடும்.

வரைபடத்தை மேசையில் விரித்து

பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடம் வாங்குங்கள். ஆரஞ்சு அட்டை, 1:25,000 அளவு. அதில் பச்சைக் கோடுகளாக இருப்பவை நடக்க உரிமையுள்ள பொதுப் பாதைகள். இந்த வேலைக்கு அதுதான் முக்கியம். அப்புறம் கணினியில் மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, டிஃபென்ஸ் ஆஃப் பிரிட்டன் திட்டத்தின் தரவுத்தளம். 1990களின் நடுவில் தொடங்கி, தன்னார்வலர்கள் நாடு முழுக்க நடந்து நடந்து சேர்த்த பதிவுகள், ஏறத்தாழ 20,000. ஆர்க்கியாலஜி டேட்டா சர்வீஸ் இதை இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. இரண்டு, வரலாற்றுச் சின்னங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் தேசியப் பட்டியல். எந்தக் காப்பரண் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது என்பது அதில் தெரியும். மூன்று, ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் பழைய வரைபடங்கள். பெயர் ஸ்காட்லாந்து என்றாலும் இங்கிலாந்தின் வரைபடங்களும் அங்கே உண்டு. போருக்குப் பின் வந்த பெரிய அளவு வரைபடங்களில் பில்பாக்ஸ் என்றே எழுதியிருப்பதைப் பார்க்கலாம்.

இடம் குறிப்பதற்கு இங்கே கிரிட் எண் பயன்படுத்துவார்கள். இரண்டு எழுத்து, பின்னால் எண்கள். ஆறு எண் இருந்தால் நூறு மீட்டர் சதுரம், எட்டு எண் இருந்தால் பத்து மீட்டர். பழைய பதிவுகளில் பல ஆறு எண்ணோடு நின்றுவிடும். நூறு மீட்டர் முள்புதரில் ஒரு கான்கிரீட் பெட்டியைத் தேடுவது அரை நாள் வேலை. அதனால் கிளம்பும் முன்பே செயற்கைக்கோள் படத்தில் அந்தச் சதுரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வேலியின் நடுவில் சாம்பல் நிற அறுகோணம் ஒன்று தெரிந்தால் அதுதான்.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு அதுதான் பிடிக்கும். பதிவுகளை மூடி வைத்துவிட்டு வரைபடத்தை மட்டும் பாருங்கள். ஆறு எங்கே, பாலம் எங்கே, சாலையும் ரயில் பாதையும் சந்திக்கும் இடம் எங்கே? இந்தப் பாலத்தை நான்கு பேரை வைத்துக் காக்க வேண்டுமென்றால் அவர்களை எங்கே உட்கார வைப்பீர்கள்? பென்சிலால் குறித்துவிட்டு, பிறகு தரவுத்தளத்தைத் திறங்கள். பத்து இடம் குறித்தால் மூன்று நான்காவது பொருந்தும். பொருந்தாதவை இன்னும் அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

எப்போது, யாரைக் கேட்டு, என்ன போட்டுக்கொண்டு

இலை உதிர்ந்த பிறகு போங்கள். ஜூலையில் நெட்டில் என்ற, தொட்டால் எரியும் செடியும் முட்செடியும் தோள் உயரத்துக்கு வளர்ந்து காப்பரணை முழுங்கிவிடும். ஜனவரி, பிப்ரவரியில் எல்லாம் வெறிச்சென்று தெரியும். ஆனால் டிசம்பரில் மாலை நாலு மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. காலையிலேயே தொடங்கிவிடுங்கள்.

குளிர்காலத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு, இதில் தளர்வே கூடாது. குளிர்ந்து ஈரமாக, இருட்டாக இருக்கும் இந்த அறைகள் வௌவால்களுக்கு மிகவும் பிடித்த இடம். ஏறத்தாழ நவம்பர் முதல் மார்ச் வரை அவை உள்ளே உறங்கும். எழுப்பினால் சேர்த்து வைத்த கொழுப்பு கரைந்து, குளிர்காலத்தைத் தாண்டாமலே செத்துப்போகலாம். வௌவாலும் அது தங்கும் இடமும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. சில பில்பாக்ஸ்களை அவற்றுக்கென்றே கதவு போட்டு மாற்றியும் இருக்கிறார்கள். அதனால் குளிர்காலத்தில் வெளியிலிருந்து மட்டும் பாருங்கள். உள்ளே போவதானால் வசந்தம் வந்த பிறகு, வௌவால் இல்லை என்று உறுதியான இடத்தில் மட்டும்.

அனுமதி விஷயம் எளிமையானது. பெரும்பாலான பில்பாக்ஸ்கள் தனியார் வயலில் நிற்கின்றன. பொதுப்பாதை வயலின் ஓரமாகப் போகிறது என்பதற்காக வயலுக்குள் இறங்க உரிமை வந்துவிடாது. பண்ணை வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் மறுத்தவர்கள் குறைவு. கேட்காமல் போயிருந்தால் இழந்திருக்கக்கூடியது வேறு. ஒரு பண்ணைக்காரர் தன் அப்பா போர் முடிந்ததும் அதில் கோழி வளர்த்த கதையைச் சொல்லி, இரண்டாவது ஒன்று எங்கே புதைந்திருக்கிறது என்றும் காட்டினார். அது எந்தப் பதிவிலும் இல்லை. விளைந்த பயிருக்குள் நடக்காதீர்கள். வாயிற்கதவு திறந்திருந்தால் திறந்தபடியும், மூடியிருந்தால் மூடியபடியும் விட்டுச் செல்லுங்கள். கன்றோடு மாடுகள் நின்றால் சுற்றிப் போங்கள், நாய் கூட இருந்தால் இன்னும் தூரமாக.

கணுக்காலை மூடும் காலணி, முள்ளுக்குத் தாங்கும் கால்சட்டை, கையுறை, டார்ச், ஐந்து மீட்டர் டேப், திசைகாட்டி, நோட்டு. கோடையில் போனால் உண்ணிக் கடிக்காக உடம்பைச் சோதித்துக்கொள்ளுங்கள், லைம் நோய் அதிலிருந்துதான் வருகிறது.

எதிரே நின்று படிப்பது

சரி, பில்பாக்ஸ் முன்னால் வந்துவிட்டீர்கள். உள்ளே நுழையும் அவசரத்தை அடக்கிக்கொண்டு, முதலில் ஒரு முழுச் சுற்று சுற்றி வாருங்கள்.

பக்கங்களை எண்ணுங்கள். ஆறு பக்கமும் ஒரே நீளமாக, ஒவ்வொன்றும் ஆறடிக்குப் பக்கமாக இருந்தால் அது டைப் 22 (இந்த எண்கள் எஃப்.டபிள்யூ.3 வரைபடங்களின் எண்கள்). ஐந்து பக்கம் ஏறத்தாழ ஒரே நீளமாகவும், வாசல் இருக்கும் பின்சுவர் மட்டும் பதினான்கு அடி நீளமாகவும் இருந்தால் டைப் 24. வாசலுக்கு இருபுறமும் ஒவ்வொரு சிறிய துளை இருக்கும். நீங்கள் அதிகம் பார்க்கப்போவது இந்த இரண்டையும்தான். சதுரமாக, முன்பக்கத்தில் ஒரு மேசையையே நுழைக்கும் அளவுக்குத் திறப்போடு, ஒரு சின்ன வீடு போல நின்றால் டைப் 28. டாங்கியைச் சுடும் டூ-பவுண்டர் பீரங்கியை உள்ளே தள்ளி வைக்கக் கட்டியது. பீரங்கி நுழைய வேண்டுமே என்பதற்காகப் பின்வாசலும் அகலம். டன்கர்க்கில் பீரங்கிகளை இழந்த பிறகு இவற்றில் வைக்கப் போதுமான பீரங்கி இல்லை என்பதை அந்த வெற்றுத் திறப்பின் முன் நிற்கும்போது நினைத்துப் பாருங்கள்.

லிங்கன்ஷயர் பக்கம் போனால் பாதி கூரையோடும் பாதி வானம் பார்த்தும் இருக்கும் செவ்வகங்களைக் காணலாம், அவை டைப் 23. திறந்த பாதியில் விமானத்தைச் சுடும் துப்பாக்கி நிற்கும். வட்டமாக, வெளிச்சுவரில் நெளித்தகட்டின் வரிகள் பதிந்திருந்தால் டைப் 25. அது அபூர்வம், பார்த்தால் விடாதீர்கள். இந்த எண்ணுக்குள் அடங்காத உள்ளூர் வடிவங்களும் ஏராளம். அடங்கவில்லையே என்று கவலைப்படாமல், இருப்பதை இருக்கிறபடி வரைந்துகொள்ளுங்கள்.

அடுத்து, சுவரின் தடிப்பு. துளைக்குள் டேப்பை விட்டு அளக்கலாம். ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே, அதாவது பன்னிரண்டு அங்குலம் என்றால் துப்பாக்கிக் குண்டைத் தாங்கும் அளவு. இரண்டு முழத்துக்கும் மேலே, நாற்பத்திரண்டு அங்குலம் என்றால் பீரங்கிக் குண்டைத் தாங்கக் கட்டியது. இந்த ஒரு அளவே, எதிரே என்ன வரும் என்று பயந்தார்கள் என்பதைச் சொல்லிவிடும்.

பிறகு சுவரைத் தொட்டுப் பாருங்கள். சென்ட்ரிங் பலகையின் மரவரிகள் கான்கிரீட்டில் அப்படியே பதிந்திருக்கும், முடிச்சுகள்கூடத் தெரியும். எண்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தச்சர் அடித்த பலகை அது. பல இடங்களில் வெளியே செங்கல் இருக்கும். அழகுக்காக அல்ல. பலகைக்குத் தட்டுப்பாடு, அதனால் செங்கல் சுவரையே சென்ட்ரிங்காக நிறுத்தி உள்ளே கான்கிரீட்டை ஊற்றிவிட்டார்கள். காரை பெயர்ந்த இடத்தில் கம்பியும் ஜல்லியும் தெரியும். கடலோரம் என்றால் ஜல்லிக்குப் பதில் கடற்கரைக் கூழாங்கல் கிடக்கலாம். கையில் கிடைத்ததைப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

துளைகளைக் கவனியுங்கள். பலவற்றின் விளிம்பு படிப்படியாகக் குறுகும். சரிவாக விட்டால் எதிரியின் குண்டு வழுக்கி உள்ளே பாயும், படியாக இருந்தால் மோதி நின்றுவிடும். டைப் 24இன் உள்ளே நடுவில் ஒய் வடிவத்தில் ஒரு குறுக்குச் சுவர் இருக்கும். ஒரு துளை வழியாக வந்த குண்டு எதிர்ச்சுவரில் பட்டுத் தெறித்து எல்லோரையும் கொல்லாமல் இருக்க அந்தச் சுவர். அந்தச் சுவருக்கும் துளைக்கும் நடுவே கிடைக்கும் இடத்தில் ஒரு நிமிடம் நின்றால் போதும், அதற்குள் இருந்து போரிடுவது எப்படி இருந்திருக்கும் என்பது உடம்புக்குத் தெரிந்துவிடும்.

இப்போது முக்கியமான வேலை. வாசல் எந்தப் பக்கம்? பெரும்பாலும் எதிரி வரும் திசைக்கு எதிர்ப்பக்கம்தான். அதை வைத்து முகம் எந்தப் பக்கம் என்று திசைகாட்டியால் குறியுங்கள். பெர்க்‌ஷயரில் கென்னட் - ஏவன் வரிசை தெற்கே பார்க்கும். தென்கரையில் இறங்கி லண்டனைச் சுற்றி வருகிறவனை எதிர்பார்த்தது அது. சாமர்செட்டில் டான்டன் தடுப்புக்கோடு மேற்கே பார்க்கிறது. முதல் தடவை பார்ப்பவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும், ஜெர்மனி கிழக்கேதானே? ஆனால் டெவன், கார்ன்வால் பக்கம் இறங்கினால் எதிரி மேற்கிலிருந்துதான் வருவான். தெற்கே ஆக்ஸ் ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து வடக்கே பிரிஸ்டல் கால்வாய்க் கடற்கரை வரை, அந்தத் தீபகற்பத்தின் கழுத்தை இறுக்கிக் கட்டிய கயிறு போன்றது அந்தக் கோடு.

திசை தெரிந்ததும் ஒவ்வொரு துளை வழியாகவும் வெளியே பாருங்கள். இன்று ஒரு மரக்கூட்டம் மறைக்கலாம். 1940இல் அங்கே மரம் இருந்திருக்காது, இருந்தால் வெட்டியிருப்பார்கள். மரத்தை மனத்தில் அகற்றிவிட்டுப் பார்த்தால் பாலமோ, மதகோ, சாலை வளைவோ அந்தச் சட்டத்துக்குள் வந்து உட்காரும். அதுதான் அந்தக் கட்டடம் அங்கே இருப்பதற்கான காரணம். பக்கவாட்டுத் துளைகள் பெரும்பாலும் பக்கத்துப் பில்பாக்ஸின் முன்னால் இருக்கும் வெளியைப் பார்க்கும். ஒன்றை நெருங்குகிறவனை இன்னொன்று சுட வேண்டும் என்ற ஏற்பாடு.

சுற்றிலும் சின்னச் சின்னவை

பெட்டியைப் பார்த்த திருப்தியில் திரும்பிவிடாதீர்கள். சாலையோரத்தில் தொடர்ச்சியாகக் கான்கிரீட் கட்டைகள், உருளைகள், கூம்புகள் கிடந்தால் அவை டாங்கித் தடைகள். பல இடங்களில் விவசாயிகள் அவற்றை வயலோரத்துக்கு உருட்டிவிட்டிருப்பார்கள். பாலத்தின் இருபுறமும் காரணமில்லாமல் ஒரு கான்கிரீட் திண்டு நின்று, அதில் செங்குத்தாகப் பள்ளம் இருந்தால், தண்டவாளத் துண்டைக் குறுக்கே போட்டுச் சாலையை அடைத்த இடம் அது.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. புல்லுக்குள், தலை உருண்ட, மூன்றடிக்குப் பக்கமான ஒரு கான்கிரீட் தூண். அதன் உச்சியில் விரல் தடிமனுக்கும் மேலான ஓர் எஃகு முளை. 1941 முதல் ஹோம் கார்டு என்ற உள்ளூர்த் தொண்டர் படைக்குக் கொடுத்த பிளாக்கர் பாம்பார்டு என்ற குண்டுவீசியை அதில்தான் பொருத்துவார்கள். ஒன்பது கிலோ எடையுள்ள குண்டை வீசும், ஆனால் நூறு கெஜத்துக்குள் டாங்கி வந்தால்தான் பலன். அவ்வளவு நெருங்கும்வரை அந்தக் கிராமத்து ஆள் குழிக்குள் காத்திருக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகு என்பதால் அந்த முளை இன்றும் பளபளக்கிறது. பாசியை விரலால் துடைத்தால் வெயிலில் மின்னும்.

தவறாக எண்ணக்கூடியவையும் உண்டு. மலை உச்சியில் நான்கடி உயரத்துக்குக் குறுகி மேலே போகும் தூண், நில அளவைத் தூண். துளையே இல்லாத செங்கல் அறை, பெரும்பாலும் விமானத் தாக்குதலுக்கான தங்குமிடம். தரையிலிருந்து எழும் சின்ன மேடும் இரும்பு மூடியும் என்றால் அது 1950களிலும் 60களிலும் கட்டிய பனிப்போர்க் காலக் கண்காணிப்பு நிலையமாக இருக்கலாம்.

தொடக்கூடாதவை, ஏறக்கூடாதவை

கூரை மேல் ஏறாதீர்கள். உள்ளே கம்பி துருத்தியிருக்கும், உடைந்த கண்ணாடி இருக்கும், தரை தண்ணீருக்குள் மறைந்திருக்கும். நுழையும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள், தனியாகப் போனால் நுழையவே வேண்டாம். கடலரிப்பு உள்ள இடங்களில் பாறை விளிம்பின் மேலும் கீழும் நிற்காதீர்கள். எசெக்ஸில் வால்டன்-ஆன்-தி-நேஸ் கடற்கரையில் ஒரு பில்பாக்ஸ் மணலில் கிடக்கிறது. மேலே நிலத்தில் கட்டியதுதான். காலடி நிலம் கரைந்து அது கீழே வந்துவிட்டது.

இதைவிட ஆபத்தானது மண்ணுக்குள் இருப்பது. பால் புட்டி மாதிரி ஒரு கண்ணாடிப் புட்டி, மஞ்சள் கலந்த திரவத்தோடு, வாய் மூடியபடி கிடந்தால் கிட்டேயே போகாதீர்கள். பாஸ்பரஸும் பென்சீனும் நிரப்பி ஹோம் கார்டு படைக்குக் கொடுத்த எறிகுண்டு அது. உடைந்து காற்றுப் பட்டதும் தானே தீப்பற்றும். அவற்றைச் சில இடங்களில் புதைத்து வைத்துவிட்டு மறந்துபோனார்கள், இன்றும் தோண்டும்போது கிடைக்கின்றன. புட்டியோ, குண்டு போன்ற எந்த உலோகமோ கண்ணில் பட்டால் தொடாமல், இடத்தை மனத்தில் குறித்துக்கொண்டு, தூரமாக வந்து 999க்கு அழைத்துக் காவல்துறையிடம் சொல்லுங்கள். சட்டப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் அனுமதியில்லாமல் மெட்டல் டிடெக்டர் பயன்படுத்துவது குற்றம். எங்கேயும் எதையும் பெயர்த்து எடுத்து வராதீர்கள், ஒரு செங்கல்லைக்கூட.

எழுதி வையுங்கள்

பார்த்துவிட்டு வருவதோடு நின்றால் உங்களுக்கு மட்டும் லாபம். பதிவு செய்தால் அந்தக் கட்டடத்துக்கும் பயன். பழைய பதிவுகளில் பெரும்பாலானவை இருபது வருஷத்துக்கு மேல் பழசு. அதற்குள் வீட்டுமனையானவை, சாலைக்காக இடித்தவை, கடலில் விழுந்தவை எத்தனையோ.

எட்டு எண் கிரிட், தேதி, டைப், சுவரின் தடிப்பு, முகத்தின் திசை, வெளிப்புறப் பொருள், இப்போதைய நிலை. இவ்வளவு போதும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு படம், அதில் அளவு தெரிய ஒரு கோல் நிற்கட்டும். ஒவ்வொரு துளை வழியாக வெளியே தெரிவதற்கும் ஒரு படம். இந்த இரண்டாவதைப் பலரும் எடுப்பதில்லை. எடுங்கள், பத்து வருஷத்தில் அங்கே ஒரு கிடங்கு எழும்பிவிட்டால் அந்தக் காட்சி உங்கள் படத்தில் மட்டும்தான் இருக்கும். நோட்டில் கையால் ஒரு தரைப்படம் வரையுங்கள், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. ஈரக் கான்கிரீட்டில் யாராவது பெயரோ வருஷமோ கீறியிருக்கிறார்களா என்று வாசலுக்கு மேலேயும் உள்ளேயும் தேடுங்கள்.

எல்லாவற்றையும் அந்தக் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், வரலாற்றுச் சூழல் பதிவகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடலாம். இது அவர்களுடைய வேலையே, புதியவர்களின் குறிப்பையும் வாங்கிக்கொள்வார்கள். வடிவம் புரியாமல் தவித்தால் பில்பாக்ஸ் ஸ்டடி குரூப் என்று ஆர்வலர்களின் குழு இருக்கிறது, அவர்களிடம் கேளுங்கள். வௌவால் தங்கும் இடமாக இருந்தால் மட்டும் இடத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள்.

பதிவை முடித்து நோட்டை மூடியதும், பக்கவாட்டுத் துளை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கரையோரமாகவே நடங்கள். அடுத்தது பெரும்பாலும் அந்த வழியில்தான் இருக்கும். கட்டடம் இல்லாமல், வேலியடியில் நாலு கான்கிரீட் துண்டுகளும் ஒரு முறுக்கிய கம்பியும் மட்டும் கிடந்தால் அதற்கும் கிரிட் எண்ணைக் குறித்து, ‘இடிக்கப்பட்டது’ என்று எழுதி, ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.